நாற்பது வீட்டுக் ‘கண்டிப்பா’

இந்த ஊரில் பலகாரத் தட்டை ஒருவர் முன்னால் ஒரே ஒரு தடவைதான் நீட்ட வேண்டும். “நை தாக்” என்றால் வேண்டாம், நன்றி. அத்தோடு பேச்சு முடிந்தது. டென்மார்க்குக்கு வந்த புதிதில் இது எனக்குப் பிடிபடவே இல்லை. காரைக்குடியில் ஒரு வீட்டுக்குப் போனால், பசி காதை அடைத்தாலும் முதல் தடவை “இப்பத்தான் சாப்பிட்டேன்” என்போம். இரண்டாம் தடவை “சொன்னாக் கேளுங்க, வேணாம்” என்போம். மூன்றாம் தடவை “சரி, நீங்க சொல்லுறீகளேன்னு ஒண்ணே ஒண்ணு” என்று எடுத்து, நான்கு தின்போம். இங்கே நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லச் சமையலறையில், முதல் நாள் கூட வேலை பார்க்கும் கிர்ஸ்டன் ரொட்டியை நீட்டினாள். வழக்கம்போல வேண்டாம் என்றேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இரண்டாவது தடவை கேட்பாள் என்று காத்திருந்து, அன்று சாயங்காலம் வரைக்கும் பட்டினி கிடந்தேன்.

சிரித்துவிட்டுப் போகட்டும் என்றுதான் இதைச் சொன்னேன். ஆனால் இந்த வேண்டாமும் வேணுமும் என் தலையில் கல்லைப் போட்ட கதை ஒன்று இருக்கிறது. இணையத்தில் கடை போடப் போகும் நம் ஊர்ப் பிள்ளைகள் கொஞ்சம் நின்று கேட்கலாம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பிழைக்கக் கடை தொடங்கவில்லை. பழிவாங்கத் தொடங்கினேன்.

காரைக்குடியில் ஒரு பலகாரக் கடையில் ஆறு வருசம் பில் போட்டேன். கடையின் பெயரைச் சொல்லமாட்டேன், முதலாளி என்றே சொல்கிறேன். பிள்ளையார்பட்டிக்கு வருகிற கார்களில் பாதி எங்கள் கடையில் நின்றுதான் போகும். அதில் வெளிநாட்டில் குடியிருந்து ஊருக்கு வந்தவர்களைப் பார்த்ததும் தெரியும். கையில் எடுப்பார்கள், எடை பார்ப்பார்கள், “எத்தனை நாள் தாங்கும்?” என்பார்கள், வைத்துவிடுவார்கள். நான் ஒரு நீல அட்டை நோட்டில் எழுத ஆரம்பித்தேன். எதை எடுத்தார்கள், எதைத் திருப்பி வைத்தார்கள், கூட வந்த பிள்ளை எதைக் கேட்டு அழுதது, அதிரசத்தை ஏன் பயந்து தொட்டார்கள், எல்லாம். யாரையும் ஒரு கேள்வி கேட்டதில்லை, பார்த்து எழுதியதுதான். இரண்டு வருசத்தில் நோட்டு நிறைந்தது. இணையத்தில் விற்கலாம், வாங்குகிறவரிடம் ‘விமானம் எந்தத் தேதி?’ என்று ஒரு கட்டம் வைத்தால் அதற்கு முதல் நாள் சுட்டுக் கொடுக்கலாம் என்று கடைசிப் பக்கத்தில் எழுதி முதலாளியிடம் கொடுத்தேன். “பாத்துட்டுத் தாரேன்த்தா” என்று வாங்கி வைத்தார்.

மூன்று மாதத்தில் கடைக்கு இணையதளம் வந்தது. நான் எழுதிய வரிசையிலேயே பலகாரங்கள் நின்றன. ‘விமானம் எந்தத் தேதி?’ என்ற கட்டமும் இருந்தது. ஆயுத பூசை அன்று, கடையில் எல்லாரும் கூடி நிற்கையில், “முதலாளி, அது என் நோட்டுல இருந்ததுதான?” என்று கேட்டுவிட்டேன்.

“எந்த நோட்டு?” என்றார். பிறகு எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “பில்லுப் போடுற பிள்ளைக்கு யாவாரத்தைப் பத்தி என்னத்தத் தெரியும்? பொரிகடலையை எடுத்துக்கிட்டு அங்குட்டு நில்லு” என்றார். கடை முழுக்கச் சிரித்தது. எண்ணெய்ச் சட்டியில் பலகாரம் சுட்டுக்கொண்டு நின்ற ரஹ்மத் அக்கா மட்டும் தலையை நிமிர்த்தவில்லை. நான் பொரிகடலையை எடுத்துக்கொண்டு அங்குட்டு நின்றேன். அந்த நின்றதைத்தான் இன்று வரை என்னால் மன்னிக்க முடியவில்லை. அவரையும், என்னையும்.

கல்யாணம் ஆகி, என் கணவருக்கு வேலை கிடைத்த இந்தக் குளிர் தேசத்துக்கு வந்தேன். உருளைக்கிழங்கு உரிக்கும்போதெல்லாம் மனசுக்குள் கறுவிக்கொண்டே உரித்தேன். முதலாளியின் பலகாரம் போகிற ஒவ்வொரு வீட்டுக்கும் என் பலகாரம் போக வேண்டும். அவர் வாயாலேயே ‘அது உன் நோட்டு’ என்று சொல்ல வேண்டும். வேறு ஆசை எனக்கு இல்லை.

சந்தையை ஆராயாமல் தொழில் தொடங்காதே என்று வீடியோக்களில் சொன்னார்கள். சரி என்று பன்னிரண்டு கேள்விகளை அச்சடித்து, சனி ஞாயிறுகளில் தமிழ் வீடுகளாக ஏறி இறங்கினேன். நாற்பது வீடு. மணகோலம், தேன்குழல், சீடை மூன்றையும் கொஞ்சம் சுட்டு எடுத்துப் போவேன். “நான் விற்றால் வாங்குவீர்களா?” என்பதுதான் கடைசிக் கேள்வி. எங்கள் பக்கத்துக்காரர்கள் “கண்டிப்பா” என்றார்கள். இலங்கைக்காரர்கள் “கட்டாயம் வாங்குவம்” என்றார்கள். ஒரு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “உன் பலகாரம் இருக்கையில நாங்க ஏன் வேற கடையத் தேடப் போறோம்?” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முதலாளியின் மூக்கு உடைகிற சத்தமே காதில் கேட்டது.

ஒரு பேச்சுக்குக் கிர்ஸ்டனிடமும் தாளை நீட்டினேன். ஒரு சீடையைக் கடித்தாள், கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். “நை. நான் வாங்கமாட்டேன். இதற்கு வேண்டிய பல் என்னிடம் இல்லை” என்றாள். அதோடு விட்டாளா, “நல்லா இருக்கிறதா என்று ஏன் கேட்கிறாய்? போன வெள்ளிக்கிழமை நான் என்ன தின்றேன் என்று கேள்” என்றாள். ஆசையாகச் சுட்டுக் கொண்டுவந்தவளிடம் இப்படிப் பேசுவாளா இவள் என்று இரண்டு வாரம் அவளோடு பேசவில்லை. நான் கோபமாக இருக்கிறேன் என்பதே அவளுக்குத் தெரியவில்லை, அது இன்னும் கோபம்.

ஒரு சங்கத்தின் சமையலறையை வாடகைக்குப் பிடித்து, முறையாக அனுமதி வாங்கி, விடுப்புப் போட்டுச் சுட்டேன். தளத்தைத் திறந்துவைத்து உட்கார்ந்தேன். நாற்பது கண்டிப்பாவில் இரண்டே இரண்டுதான் வந்தது. மிச்சத்தை நானும் கணவரும் மாதக்கணக்கில் தின்றோம். கேட்கிற பிள்ளையின் முகம் வாடக் கூடாதென்று சொல்கிற கண்டிப்பாவை, வாங்குகிற கண்டிப்பா என்று நம்பியிருக்கிறேன். மூன்று தடவை வேண்டாம் சொல்லிவிட்டு நான்கு தின்கிற ஊரில் பிறந்தவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? எனக்கு வந்த ஆத்திரத்தில் பன்னிரண்டு கேள்வியையும் கிழித்துப் போட்டேன்.

வேலையில் கிர்ஸ்டனிடம் நானே போய்ச் சொன்னேன். “நான்தான் சொன்னேனே” என்றுகூட அவள் சொல்லவில்லை. “நீ கேட்டாய், நான் பதில் சொன்னேன். பதில் வேண்டாமா உனக்கு?” என்றாள். அப்போதுதான் நீல நோட்டு ஞாபகம் வந்தது. அதில் ஒரு கேள்வி கிடையாது. அதனால்தான் அது பலித்தது.

மறுபடி அதே வீடுகளுக்குப் போனேன், தாள் இல்லாமல். பிறந்தநாள், நோன்பு, கிறிஸ்துமஸ் எதையும் விடவில்லை. வெங்காயம் உரிக்கிறேன் என்று நேரே அடுக்களைக்குள் போய்விடுவேன். புது நோட்டு ஒன்று வாங்கி, ஒரு பக்கம் ‘சொன்னது’, மறுபக்கம் ‘செய்தது’ என்று கோடு போட்டேன். அலமாரிகளில் நான் கண்டதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். எங்கள் முதலாளியின் பலகாரப் பொட்டலங்கள், ஊரிலிருந்து வந்தவர்கள் கொடுத்தவை, பிரிக்காமல் காறிப்போய்க் கிடந்தன. எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். காலியாகியிருந்ததெல்லாம் பொடி டப்பாக்கள். என் கையைப் பிடித்தாரே அந்த அக்கா, பருப்புப் பொடி டப்பாவுக்குள் சூடான சோற்றைப் போட்டுக் குலுக்கி, ஒட்டியிருந்த கடைசித் துளியோடு பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்.

பலகாரத்தை மூட்டை கட்டிவிட்டுப் பொடிக்கு மாறினேன். பருப்புப் பொடி, இட்லிப் பொடி, வத்தக்குழம்புப் பொடி, மூன்றே மூன்று. தளத்தில் ஒரு கட்டம் வைத்தேன், ‘எந்தக் கிழமை உங்களுக்குச் சமைக்கப் பிடிக்காது?’ அந்தக் கிழமைக்கு முதல் நாள் பொடி வீடு சேரும். இந்தக் கட்டத்துக்குக் காரணம் கிர்ஸ்டனின் வெள்ளிக்கிழமைதான். ஒரு வருசத்தில் பக்கத்து நாடுகளுக்கும் போக ஆரம்பித்தது.

போன கோடையில் ரஹ்மத் அக்கா போனில் கூப்பிட்டார். இன்னும் அதே கடையில் அதே சட்டியில்தான் நிற்கிறார். “ஏ புள்ள ஜெசிந்தா, ஒன் டப்பா நம்ம கடைக்கே வந்துருச்சுடி! டென்மார்க்குல இருந்து வந்த குடும்பம், மேசையில வச்சு, இது மாதிரிப் பொடி இருக்கான்னு கேக்குறாக. மொதலாளி அதைத் தெறந்து தெறந்து மோந்து பாத்துக்கிட்டே இருக்காரு!” அன்று நான் தின்ற சோறு உடம்பில் ஒட்டியது.

அடுத்த வாரம் முதலாளியே பேசினார். என்னை வாழ்நாளில் முதல்முறையாக ‘நீங்க’ என்றார். “நல்லா இருக்கீகளா? நம்ம பிள்ள நீங்க. சேந்து செய்வோம், டப்பாவுல நம்ம ரெண்டு பேரோட பேரையும் போட்டு.”

“சேரலாம் முதலாளி. அந்த நீல நோட்டு யாரோடது?”

ஒரு நொடிகூட அவர் யோசிக்கவில்லை. “கண்டிப்பா ஒங்க நோட்டுத்தான், அதுல என்ன சந்தேகம்? நாளைக்கே பார்சல்ல அனுப்பி வைக்கிறேன்.”

எத்தனை வருசமாக அந்த வார்த்தைக்கு ஏங்கியிருந்தேன்! காதில் விழுந்ததும் ஒன்றுமே ஆகவில்லை. நாற்பது வீட்டில் கேட்ட அதே குரல், அதே கண்டிப்பா. இதற்குப் பதில் கிர்ஸ்டன் மாதிரி “நை” என்று சொல்லியிருந்தால்கூட அவரோடு சண்டை போட்டு மனசை ஆற்றியிருப்பேன். எனக்கும் மறுத்துச் சொல்லத் தெரியும், இங்கே தினமும் சொல்கிறேன். ஆனால் அன்று மனசறிந்து, ஊர்ப்பாசம் அத்தனையும் குழைத்து, “கண்டிப்பா செய்வோம் முதலாளி, சொல்லி அனுப்புறேன்” என்றேன். அவர் நம்பிவிட்டார். எங்கள் ரெண்டு பேரின் பெயரும் போட்ட உறைகளை அச்சடிக்கக் கொடுத்திருக்கிறார் என்று ரஹ்மத் அக்கா சொன்னார். நான் சொல்லி அனுப்பவே போவதில்லை. அங்குட்டு நிற்கட்டும்.

நேற்று மத்தியானம் ரஹ்மத் அக்கா மறுபடி பேசினார். “பழி வாங்குனதெல்லாம் போதும்டி. நீ எப்ப ஊருக்கு வர்றே? எனக்கு ஒன்னைப் பாக்கணும் போல இருக்கு.”

“கண்டிப்பா இந்த வருசம் வாரேன்க்கா” என்றேன்.

போனை வைத்துவிட்டு, கோடு போட்ட என் புது நோட்டை எடுத்தேன். கடைசியாக நான் எழுதியிருந்தது முதலாளியின் வரி. ‘சொன்னது’ பக்கத்தில், நீல நோட்டை நாளைக்கே அனுப்புகிறேன். ‘செய்தது’ பக்கம் காலி. அதற்குக் கீழே என் பெயரை எழுதி, சொன்னது என்ற பக்கத்தில் ‘இந்த வருசம் வாரேன்’ என்று எழுதினேன். போன வருசமும் இதைத்தான் சொன்னேன், அதற்கு முந்தின வருசமும். பேனா கையிலேயே இருந்தது. எதிர்ப் பக்கத்தில் எழுத எனக்கு ஒன்றும் இல்லை.