நான் கையளிக்காத படிவம்

இந்த ஊரில் வீட்டு இலக்கம் மட்டும் போதாது. அழைப்புமணிப் பொத்தானுக்குப் பக்கத்தில் குடியிருப்பவரின் பெயரும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தபாற்காரர் கடிதத்தைத் திருப்பிக் கொண்டு போய்விடுவார். எங்கள் கட்டடத்தில் எட்டுப் பொத்தான்கள். ஏழில் பெயர்கள், ஒன்றில் வெறும் வெள்ளைத் துண்டு. அது என்னுடையது. ஜெர்மனிக்கு வந்து, குடியுரிமையும் பெற்ற பிறகும் அதில் பெயரெழுதக் கை வரவில்லை. கீழ்த்தளத்து ஃப்ராவ் பெக்கர், ஓய்வுபெற்ற ஆசிரியை, ஒருநாள் என்னைப் படியில் மறித்தார். "யாருக்கு ஒளிகிறீர்கள்? மனைவிக்கா?" "வாக்காளர் பட்டியலுக்கு" என்றேன். என் ஜெர்மன் மொழி பிழைத்துவிட்டதாக எண்ணி, "வாக்காளர்களுக்கு" என்று திருத்தித் தந்தார். நான் தேர்தலில் தோற்று ஓடிவந்த அரசியல்வாதி என்று அவர் இன்றும் நம்பக்கூடும்.

சென்ற மாதம் நகரசபையிலிருந்து தொலைபேசி வந்தது. இந்த நாட்டில் என் முதல் தேர்தலுக்கான வாக்காளர் அட்டை, மணியில் பெயர் இல்லாததால் திரும்பிவிட்டதாம். "பரவாயில்லை, உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறது. அடையாள அட்டையோடு வாருங்கள்" என்றாள் அங்கிருந்து பேசிய பெண். நிம்மதி அடைந்திருக்க வேண்டும். நானோ எழுந்து, இருந்து, மறுபடி எழுந்து, பழைய நாட்குறிப்புகளை அலுமாரியிலிருந்து இறக்கினேன்.

எண்பத்து மூன்று ஜூலையில் கண்டியில் தமிழர் கடைகள் எரிந்தபோது நான் நகருக்கு அருகே அம்பிட்டியவில் வாடகைக்கு இருந்தேன். யாழ்ப்பாணத்தான், அரசாங்க எழுதுவினைஞன். எங்கள் ஒழுங்கைக்கு எரிக்க வந்தவர்களின் கையில் தட்டச்சுத் தாள்கள் இருந்ததைச் சிங்கள அயலவர் வீட்டுப் பின்னறையில் ஒளிந்திருந்து யன்னல் வழியே பார்த்தேன். வாக்காளர் பட்டியல் என்று ஊர் முழுவதும் பேச்சு. நான் அதை வாசிக்கவில்லை; ஆகவே "தாள்கள்" என்று மட்டுமே குறித்திருக்கிறேன். ஆனால் அவர்கள் எந்த வாசலிலும் நின்று யாரையும் விசாரிக்கவில்லை. நேராகத் தமிழர் வீடுகளுக்கே வந்தார்கள்.

அதே பின்னறையில் என்னோடு லெட்சுமணனும் அவர் மனைவி பாக்கியமும் இருந்தார்கள். லெட்சுமணன் கம்பளைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, கண்டியில் பேக்கரி வேலைக்கு வந்தவர். இந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளரின் வழி என்பதால், பிறந்த நாட்டிலேயே நாற்பது வயதுவரை நாடற்றவர். கலவரத்துக்குச் சில வருடங்களின் பின் அவருக்குக் குடியுரிமைச் சான்றிதழ் கிடைத்தது. அடுத்த முறை கிராம சேவகர் வாக்காளர் படிவங்களை விநியோகித்தபோது, லெட்சுமணன் தம்முடையதைக் கண்ணாடிப் பொருளைப்போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு என்னிடம் வந்தார். ஒழுங்கையில் எல்லா வீட்டுப் படிவங்களையும் நிரப்புவது நான்தான். கையெழுத்து நல்லது, சிங்களமும் தெரியும். நிரப்பியவற்றைக் கட்டாகக் கொண்டுபோய்க் கிராம சேவகரிடம் கொடுப்பதும் நானே.

"எங்க பேரு எல்லாம் எழுதினா, ஐயா, அந்தத் தாளு யார் யார் கைக்குப் போகும்?" என்று பாக்கியம் கேட்டார்.

"யோசிச்சுச் செய்வம், லெட்சுமணன். இந்த முறை விடுவமே" என்றேன்.

அவர் சிரித்தார். "யாழ்ப்பாணத்து ஐயாவுக்கு ஓட்டுப் போட்டு அலுத்துப் போச்சு. எனக்கு இன்னும் தொடங்கவே இல்லீங்களே. எழுதுங்க."

எழுதினேன். பெயர்கள், பிறந்த திகதிகள், எல்லாம் சரியாக. பிறகு கட்டிலிருந்து இரண்டு படிவங்களை உருவி நாட்குறிப்புக்குள் வைத்தேன். ஒன்று என்னுடையது, மற்றது அவருடையது. மாலையில், "குடுத்தாச்சோ, ஐயா?" என்று என் பேச்சிலேயே என்னைப் பகிடி பண்ணினார். "ஓம், குடுத்திட்டன்" என்றேன். காப்பாற்றுகிறேன் என்று மனதார நம்பியே அந்தப் பொய்யைச் சொன்னேன்.

எண்பத்தெட்டு டிசம்பரில் தேர்தல். வாக்களிப்போர் சாவார்கள் என்று தெற்குக் கிளர்ச்சியாளர்கள் சுவர்களில் எழுதியிருந்த காலம். லெட்சுமணன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். அரைமணி நேரத்தில் திரும்பினார். "நம்ம பேரு இல்லையாம். மூணு தடவ தேடிட்டாங்க. அவங்கதான் எங்கயோ தப்பு பண்ணிட்டாங்க" என்றார். உண்மையைச் சொல்லாமலே அடுத்த வருடம் நான் நாட்டை விட்டுப் போய்விட்டேன்.

இங்கே வந்து வாசித்தபோது ஓர் ஆண்டுக் கணக்கு என்னை உலுக்கியது. அதே எண்பத்து மூன்றின் டிசம்பரில், ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் குடிசனக் கணக்கெடுப்பு வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. தன்னைப் பற்றி யார் எதை அறிந்து வைத்திருக்கிறார்கள் என்று தெரியாதவன், கூட்டத்துக்குப் போகவும் உரிமை கேட்கவும் தயங்குவான். ஆகவே தன் விவரத்தை யாருக்குக் கொடுப்பது என்பதை அவனவனே தீர்மானிக்க வேண்டும் என்பது அதன் சாரம். பாக்கியம் கேட்டதும் இதைத்தான் என்று முதலில் மகிழ்ந்தேன். அதிலிருந்த ஒரு சொல்லை நினைக்க நினைக்கத்தான் உறக்கம் போயிற்று. அவனவனே. பட்டியல் திறந்து கிடந்தால் கொலைகாரனும் வாசிப்பான். மூடிக் கிடந்தால் விடுபட்ட பெயரை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். இந்தச் சிக்கலை லெட்சுமணனுக்காக நான் தனியே அவிழ்த்தேன், அவரைக் கேட்காமல்.

நகரசபை அழைத்த மறுநாள் அம்பிட்டியவில் இருக்கும் லெட்சுமணனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவருடைய படிவத்தைக் கையளிக்காததைச் சொல்லிவிட்டேன். அவர் இருமிவிட்டுச் சொன்னார்.

"அது அப்பவே தெரியுங்க. கிராம சேவகர்கிட்ட போய்க் கேட்டேனே. படிவமே வரலன்னாரு."

"பிறகு ஏன் ஒண்டும் கேக்கேல்லை?"

"பயந்து செஞ்சீங்க, வஞ்சகம் இல்லன்னு விட்டுட்டேன். ஆனா ஒண்ணுங்க, ஐயா. எனக்கும் பயம் இருந்திச்சு. அத நானே பட்டிருப்பேன்ல? அதையும் ஏன் நீங்க எடுத்துக்கிட்டீங்க?"

அவரே தொடர்ந்தார். "தொண்ணூத்து நாலுல போட்டேன். படிவத்த நானே கொண்டுபோய்க் குடுத்து, நின்னு பாத்துட்டுத்தான் வந்தேன். விரல்ல வச்ச மை போகவே இல்ல. அந்தக் கையோட மாவு பிசையாதடான்னு மொதலாளி ஒரு வாரம் கத்துனாரு."

ஞாயிற்றுக்கிழமை வாக்களிக்கப் போனேன். ஒரு பாடசாலை மண்டபம். மேசையிலிருந்த இளைஞன் அடிமட்டக் கோலைப் பட்டியலில் நகர்த்தி, என் பெயரின் கீழே நிறுத்தி, ஒரு கோடு போட்டான். வாக்குச்சீட்டைப் பெட்டியில் இட்டுவிட்டு, பழக்கத்தில் மை வைக்க இடது கைச் சின்னவிரலை அவனிடம் நீட்டினேன். அவன் விளங்காமல் விரலைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான், பிறகு மரியாதையாக அதைப் பிடித்துக் குலுக்கினான். வெளியே வந்து வெயிலில் பார்த்தேன். விரல் மையில்லாமல் வெறுமையாகவே இருந்தது.