மலைக்குள் என்ன இருந்தது?

பத்தாவதில் இரண்டு தடவை கோட்டை விட்டவன் நான். அரியலூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ரிப்பன் மாட்டுவது, கூட்டுவது, டீ வாங்கி வருவது என்று காலம் போய்க்கொண்டிருந்தது. அப்போது முதலாளி ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். வந்த அன்றைக்கு அதற்குச் சூடம் காட்டினோம். பச்சை எழுத்தில் அது கண்ணைத் திறந்ததும், "சார், சாமி வந்துருச்சு சார்" என்றேன். முதுகில் ஒன்று விழுந்தது.

முதலாளியின் அக்கா மகன் திருச்சியில் காலேஜ் படிப்பவர். எனக்கு அவர் சின்ன சார். லீவுக்கு வந்தவர் ஒரு பிளாப்பி கொண்டுவந்தார். அதில் ஒரு விளையாட்டு. சுட்டுத்தள்ளுகிற விளையாட்டு இல்லை. ஒரு பெரிய தேசம், ஊர் ஊராக நாம் அலைய வேண்டும். எதிரே வருகிற ஆட்கள் எல்லாம் ஏதாவது ஒரு வேலை வைப்பார்கள். ஒருத்திக்குக் காணாமல் போன மாடு வேண்டும், ஒருவனுக்குத் தம்பியைப் பற்றித் தகவல் வேண்டும். எல்லாவற்றையும் முடித்தால் கடைசியில் ஒரு மலை திறக்கும்.

யார் என்ன கேட்டார்கள் என்பதை அந்த விளையாட்டு ஞாபகம் வைத்துக்கொள்ளாது. ஆடுகிறவன்தான் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சின்ன சாருக்குச் சோம்பேறித்தனம். மூன்றாம் நாளே எந்த ஊரில் யாருக்கு வாக்குக் கொடுத்தோம் என்று தெரியாமல் தலையைச் சொறிந்தார்.

"நான் எழுதுறேன் சின்ன சாரே. எங்க தெருவுல எல்லாக் கல்யாணத்துக்கும் மொய் எழுதுறவன் நான்தான்."

"இதுவும் மொய்யும் ஒண்ணாடா?"

"ஒண்ணுதான். ஊரு, பேரு, என்ன பாக்கி. அம்புட்டுதான."

அப்படித்தான் எழுதினேன். இடது பக்கம் ஊர், அப்புறம் பேர், அப்புறம் கேட்டது. மொய் நோட்டில் திருப்பிச் செய்ததும் ஓரத்தில் ஒரு சுழி போடுவோமே, அதையே இதிலும் போட்டேன். விளையாட்டில் வந்த ஊர்ப் பேரெல்லாம் என் வாயில் நுழையாததால் ஆற்றங்கரை ஊருக்குத் திருமழபாடி, வறண்ட ஊருக்குக் குன்னம், ராஜா இருந்த ஊருக்குப் பெரம்பலூர் என்று நானே பேர் வைத்தேன். அரியலூர்க்காரனாக இருந்தும் எனக்கு அவ்வளவு பெருந்தன்மை.

மத்தியானம் முதலாளி சாப்பிடப் போன பிறகு உட்காருவோம். சின்ன சார் இங்கிலீஷைப் படித்துத் தமிழில் சொல்வார், நான் எழுதுவேன்.

"டேய், அந்தக் கெழவன் என்னடா கேட்டான்?"

"எந்தக் கெழவன்? கெணத்தடியில நிக்கிறவனா, தாடி வச்சவனா?"

"கெணத்தடி."

"அவன் மவ கொலுசு. குன்னத்துத் திருடங்கிட்ட இருக்கு. பாவம், கேட்டு எத்தினி நாளாச்சு. நீங்கதான் அந்தப் பக்கமே தல வச்சுப் படுக்க மாட்டேங்குறீங்க."

"உனக்கு ஏன்டா இவ்ளோ அக்கற?"

"வாக்குக் குடுத்தது நம்மளாச்சே சாரே."

இதற்கு நான் கூலி கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். மலை திறக்கிற அன்றைக்கு நான் உட்கார்ந்து சாவியைத் தட்ட வேண்டும், உள்ளே என்ன இருக்கிறது என்று நான் முதலில் பார்க்க வேண்டும். "சரிடா" என்றார். கையில் அடித்துச் சத்தியமே செய்தார்.

லீவு முடிகிற சமயம் நோட்டில் சுழி விழாதது மலை ஒன்றுதான். அதே சமயம் முதலாளியின் மச்சினர் வீட்டில் காதுகுத்து வந்தது, கீழப்பழுவூரில். மொய் எழுத ஆள் வேண்டும் என்று முதலாளி சொல்லிக்கொண்டிருந்தார்.

சின்ன சார் சட்டென்று சொன்னார். "மாமா, இவன அனுப்புங்க. இவன் எழுதுற மாதிரி யாரும் எழுத முடியாது. நான் பாத்துருக்கேன்."

என்னை ஒருவர் முதலாளிக்கு முன்னால் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. அந்தப் பெருமையில் இருந்த வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். சின்ன சார் காதுகுத்துக்கு வரவில்லை. வயிற்று வலியாம். சாயங்காலம் வரை பந்தலில் உட்கார்ந்து, ஊர் ஊராக, பேர் பேராக எழுதினேன். "கையெழுத்து முத்து மாதிரி இருக்கு தம்பி" என்று நாலு பேர் சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலையில் போனபோது சின்ன சார் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

"வயித்து வலி போயிருச்சா சாரே? இன்னைக்கு மத்தியானம் மலையத் தொறந்துருவமா?"

"அதெல்லாம் நேத்தே முடிச்சுட்டேன்டா."

எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. என்னைப் போலவே கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன்.

"நெசமாவா?"

"உன் நோட்டப் பாத்து ஒரு மணி நேரத்துல முடிஞ்சுருச்சு. கடைசியில ஜெயிச்சவன் பேரு கேட்டுச்சு. அடிச்சேன்."

"யாரு பேர?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. அந்தக் கேள்விதான் அவருக்கு விளங்கவில்லை. "ஏன்டா, ஆடுனது நான்தான?"

"சரி, உள்ள என்ன இருந்துச்சு? அதையாவது சொல்லுங்க."

"என்னமோ பக்கம் பக்கமா இங்கிலீஷ்ல வந்துச்சுடா. யாரு படிக்கிறது? தட்டித் தட்டி விட்டுட்டேன்."

"அப்ப நான் திரும்ப ஒருக்கா ஆடிப் பாக்குறேன். பிளாப்பியக் குடுங்க."

"அத அழிச்சாச்சு. மாமா ஏதோ கணக்கு ஏத்த காலி பிளாப்பி கேட்டாரு."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான்தான் ஸ்டாண்டு வரை போனேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, "வரேன்டா" என்றார்.

"நல்லாயிருங்க சாரே. சத்தியத்தக் காப்பாத்துற ஆளு நீங்க, நல்லா வருவீங்க."

நாக்கு கசந்து போய்ச் சொன்னதுதான். ஆனால் எப்போதும் கிண்டல் செய்து திரிகிறவன் வாயிலிருந்து வந்தால் எதுவும் கிண்டலாகத்தான் போய்ச் சேரும். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "போடா லொள்ளு" என்று என் தலையில் தட்டினார். பஸ் கிளம்பியது.