நான் கேட்ட க்ளட்ச்

ஆரம்பாக்கத்தில் எங்கள் தெருவில் சைக்கிள் வைத்திருந்தவர்களே மூன்று பேர்தான். அந்தத் தெருவுக்கு நான் ஒரு லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினேன். அறுபதுகளின் கடைசி அது. உலக யுத்தம் முடிந்து ஏலத்தில் போன பழைய மிலிட்டரி வண்டி. நான் டிரைவராக இருந்த அரிசி ஆலையின் பின்பக்கம் பல வருடமாக முள்செடிக்குள் கிடந்தது. ஆலையை மூடியபோது, பன்னிரண்டு வருடம் வேலை செய்தவனுக்கு வேறெதுவும் கொடுக்க மனமில்லாமல், "அத்த இஸ்துகினு போயேன்" என்றார்கள். இரண்டு ஜோடி மாடு கட்டித்தான் இழுத்து வந்தேன்.

எங்கள் அப்பா காலம்வரை அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கிய குடும்பம் எங்களுடையது. என் மனைவி வீடும் அப்படித்தான். அந்த இரண்டு வீட்டிலும் மண்ணை விட்டு முதலில் வெளியே போனவர் என் மனைவியின் அண்ணன். திருவள்ளூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை இன்ஜின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்பார். கேட்டுவிட்டு எது தேய்ந்திருக்கிறது என்று சொல்வார். என்னைவிட நான்கு வயது பெரியவர். கல்யாணத்துக்கு முன்பு என்னை வாடா போடா என்றுதான் கூப்பிடுவார். தங்கையைக் கொடுத்த நாளிலிருந்து "வாங்க மாப்ளே" ஆகிவிட்டது. எத்தனை சொல்லியும் மாற்றிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறி வந்து அந்த லாரிக்கு அவர்தான் உயிர் கொடுத்தார். பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு, கழித்துப்போட்ட ஒரு பஸ்ஸின் டீசல் இன்ஜினை வைத்தார். பின்பக்கம் சட்டத்தை நீட்டி, ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டி, சரக்கு ஏற்றப் பெரிய தொட்டி கட்டினோம். முதல்முறை அது கரும்புகை விட்டுக் கிளம்பியபோது என் மனைவி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஊத்துக்கோட்டைக்கு மேற்கே ஒரு கல்குவாரியில் எனக்கு வேலை கிடைத்தது. பள்ளத்திலிருந்து கருங்கல் ஏற்றி, ரோடு போடும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பள்ளத்திலிருந்து மேலே வர ஒரே ஒரு சரிவுப் பாதை. அங்கேதான் வண்டி என்னைக் கைவிட்டது. டீசல் இன்ஜினின் இழுவையைப் பழைய க்ளட்ச் தாங்கவில்லை. பாதி மேட்டில் இன்ஜின் மட்டும் அலறும், சக்கரம் சுற்றாது, கேபினுக்குள் கருகல் நாற்றம் வரும். பின்னால் நான்கு லாரிகள் ஹாரன் அடிக்கும். என்னைக் கீழே இறக்கிவிட்டு, கல் சுமக்கும் பெண்களைக் கூப்பிட்டுப் பாதி பாரத்தை இறக்குவார் மேஸ்திரி. ஒருநாள் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "முழு லோடு ஏத்தறதுன்னா வா. இல்லன்னா மாட்டு வண்டி வச்சிக்கினு வைக்கோல் ஓட்டு." அந்தப் பெண்களில் ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நான் பார்த்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சானை அழைத்துக்கொண்டு பட்டணத்தில் புதுப்பேட்டைக்குப் போனேன். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடைகள். ஒரு கடைக்காரர் எங்கள் கதையைக் கேட்டுவிட்டு, முதலில் பூசணிக்காய் அளவுக்கு உப்பிய ஓர் இரும்புக் குடத்தை உருட்டிக் காட்டினார். அணைக்கட்டு வேலைக்கு வந்த மண்வாரி வண்டியிலிருந்து கழற்றியது. டார்க் கன்வர்ட்டர் என்றார். அதை வைத்த வண்டிக்குக் க்ளட்ச் மிதியே கிடையாது. உள்ளே இருக்கும் எண்ணெயின் சுழற்சிதான் இன்ஜினின் இழுவையைச் சக்கரத்துக்குக் கடத்தும்.

மச்சான் குந்தி உட்கார்ந்து அதைத் தடவிப் பார்த்தார். "மெத்துன்னு இழுக்கும் மாப்ளே. குலுக்கலே இருக்காது. நம்ம வண்டி கேக்கறது இதுதான். ஆனா இதுக்குன்னு தனி கியர் பாக்ஸு வேணும். நமக்கு எட்டாது."

மீதி இருந்தவை இரண்டு. ஒன்று எங்கள் பழைய அளவிலேயே புது லைனிங் அடித்த க்ளட்ச் பிளேட். மற்றது பெரிய லாரிக்கு உரியது. பிளேட்டும் கனம், அதை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்குகளும் என் கட்டைவிரல் தடிமன். நான் பெரியதைக் கையில் எடுத்தேன்.

"அது வேணாம்," என்றார் மச்சான். "க்ளட்ச்சு வழுக்குதுன்னா, மத்ததக் காப்பாத்துதுன்னு அர்த்தம். இத்த மாட்டுனா வழுக்காது. அந்த முறுக்கு அப்டியே பின்னால சக்கரத்தச் சுத்தற ஆக்ஸிலுக்குப் போவும். ஆக்ஸிலு இன்னும் பழைய பெட்ரோலு வண்டியோடதுதானே? சின்னத மாட்டிக்கலாம். நல்ல ஆக்ஸில் கெடைக்கிற வரிக்கும் முக்கா லோடு ஓட்டுங்க."

"முக்கா லோடு ஏத்துனா அவன் உள்ளயே உடமாட்டான் மச்சான்."

"ரெண்டு மாசம் பொறுங்க."

"ரெண்டு மாசம் வண்டிய ஊட்டாண்ட நிறுத்தி வச்சிட்டு, உன் தங்கச்சிய நாத்து நட அனுப்பட்டுமா?"

இதைச் சொன்னால் அவர் வாயடைத்துப் போவார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். கொஞ்ச நேரம் கையில் ஒட்டிய கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "நீங்க சொன்னா சரி மாப்ளே" என்றார். வீட்டுக்கு வந்து அதை அவரே மாட்டினார்.

மூன்று வாரம் நான் ராஜாவாக இருந்தேன். மிதி கல்லாக இருந்தது, பொழுது சாய்வதற்குள் இடது முழங்கால் வீங்கிவிடும். ஆனால் முழு பாரத்தோடு ஒரே மூச்சில் மேடு ஏறினேன். மேஸ்திரி பீடி கொடுத்தார். நான்காவது வாரம் க்ளட்சை விடும்போதெல்லாம் பின்பக்கத்திலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. மச்சானுக்குச் சொல்லி அனுப்பினேன். ஒர்க்‌ஷாப்பில் லீவு போட்டுவிட்டு வந்து, என்னோடு கேபினில் ஏறிக் குவாரிக்கு வந்தார். கீழே பள்ளத்தில் வண்டியை முன்னும் பின்னும் எடுக்கச் சொல்லி, பின்சக்கரத்துப் பக்கம் குனிந்து கேட்டார்.

"இன்னைக்கு லோடு ஏத்தாதீங்க. வெறும் வண்டியா ஓட்டிகினு போய்டலாம்."

அதற்குள் பாதித் தொட்டி நிரம்பியிருந்தது. "இந்த ஒரு நடை மச்சான். மேல ஏறிட்டா அப்பறம் சமதரைதான்" என்றேன். அவர் ஏறி உட்கார்ந்தார். சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கக் காலடியில் போட்டிருந்த மரக்கட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

முக்கால் மேட்டில் முன்னால் போன லாரி நின்றுவிட்டது. நானும் நின்றேன். அது நகர்ந்ததும் ஆக்சிலரேட்டரை மிதித்துக் க்ளட்சை விட்டேன். துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். அதன்பிறகு வண்டிக்கும் இன்ஜினுக்கும் தொடர்பே இல்லை. பின்னால் போக ஆரம்பித்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். அந்த வண்டியில் அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை, கியர் பாக்ஸிலிருந்து ஆக்ஸிலுக்குப் போகும் தண்டைத்தான் பிடிக்கும். ஆக்ஸில் ஒடிந்தபின் அதைப் பிடித்து என்ன பயன்? கால் பிரேக்கில் எழுந்து நின்றேன். வேகம் குறைந்ததே தவிர வண்டி நிற்கவில்லை. கண்ணாடியில் கீழே பாதை ஓரமாகக் கல் சுமந்து வரும் பெண்கள் தெரிந்தார்கள். தலையில் கூடையோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்திகூட ஓடவில்லை.

மச்சான் கட்டையோடு குதித்துவிட்டார். "பிரேக்க உடாதடா! மிதிச்சிகினே இரு!" என்று கத்தினார். முதல்முறை போட்ட கட்டையைச் சக்கரம் சரளையில் தள்ளிக்கொண்டே போனது. ஓடிப்போய் அதை எடுத்து மறுபடி போட்டு, நழுவாமல் இருக்கக் காலால் முட்டுக் கொடுத்தார். வண்டி ஒருமுறை தூக்கிப் போட்டு நின்றது. நான் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே பயந்துகொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. ஒரு பெண் கேபின் கதவைத் தட்டி, "யோவ், அந்த ஆளு அடியில மாட்டிகினு கீறாருய்யா" என்றாள்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு மேலே வைத்து இடது காலை எடுத்தார்கள். நான்காம் நாள் ஒரு போலீஸ்காரர் கட்டிலருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டார். மச்சானுக்கு உதடெல்லாம் வெடித்திருந்தது.

"க்ளட்ச்ச நான்தான் பாத்து வாங்குனேன். நான்தான் மாட்டுனேன். எந்த சைஸுன்னு அவருக்கு இன்னா தெரியும்? அவருக்கு ஓட்டத்தான் தெரியும்," என்றார்.

போலீஸ்காரர் கட்டிலின் கால்மாட்டில் நின்ற என்னைப் பார்த்தார். "அப்டித்தானா?"

"ஆமா சார்" என்றேன்.

என் மனைவி பக்கத்தில்தான் நின்றாள். அவள் கையில் கஞ்சிச் செம்பு இருந்தது.

அன்று நான் சொன்ன அந்த ஒரு வார்த்தை ஆஸ்பத்திரியோடு நிற்கவில்லை. எனக்கு லைசென்ஸ் தப்பியது. ஆனால் அவர் மாட்டிய க்ளட்ச்சால் ஆக்ஸில் ஒடிந்தது என்ற பேச்சு ஊத்துக்கோட்டையிலிருந்து திருவள்ளூர்வரை ஒவ்வொரு லாரி ஷெட்டுக்கும் போனது. கட்டைக்கால் ஊன்றிக்கொண்டு அவர் ஒர்க்‌ஷாப்புக்குப் போனபோது, முதலாளி டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார். வீட்டு வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்து பார்த்தார். யாரும் வண்டி கொண்டுவரவில்லை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஆலைகள் வரத் தொடங்கிய சமயம் அது. ஒரு கட்டட கான்ட்ராக்டரின் சிமெண்டுக் கொட்டகைக்குக் காவலாளாக உட்கார்ந்தார். நான் லாரியைப் பிரித்து விற்றுவிட்டு, மறுபடி ஸ்டியரிங் பிடிக்க மனம் வராமல் இரும்பு உருக்கும் ஆலையில் கூலிக்குச் சேர்ந்தேன்.

இப்படி ஏழு வருடம் போயிற்று. ஒரு பொங்கலன்று அவர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார். எங்கள் கைப்பம்பில் தண்ணீர் ஏறாமல் இருந்தது. சாப்பிட்டுவிட்டுத் தான் பார்ப்பதாகச் சொன்னார். என் மனைவிக்கு அன்று காலையிலிருந்தே ஏதோ எரிச்சல்.

"வேணாண்ணா. உன் கைவேலையால லாரி போச்சு, உன் காலு போச்சு, இந்த மனுஷன் நெருப்புல நின்னு சாவறாரு. பம்பாவது இருக்கட்டும்," என்றாள்.

அவர் தலை நிமிரவில்லை. குழம்பில் பிசைந்த சோற்றை உருட்டி உருட்டிச் சாப்பிட்டு முடித்தார். கை கழுவினார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார்.

அவர் தெருமுனை தாண்டியதும் நான் மனைவியிடம் சொன்னேன். புதுப்பேட்டையில் அவர் வேண்டாம் என்றதை, அவர் வாயை நான் எப்படி அடைத்தேன் என்பதை, ஒரு நடை என்று ஏறியதை எல்லாம் சொன்னேன். அழுவாள், அல்லது அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் எச்சில் இலையை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரியில சொன்னா உன்ன உள்ள வச்சிடுவாங்கன்னு பயந்த. சரி. அண்ணனத் திரும்ப வேலைக்குச் சேத்துக்கலன்னு வந்து ஒக்காந்தாரே, அன்னைக்கு ஒர்க்‌ஷாப்புல போய்ச் சொல்றதுக்கு இன்னா?"

அன்று சாயங்காலம் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். பத்து நாள் வரவில்லை.

மறுநாள் நான் திருவள்ளூருக்குப் போய் ஒர்க்‌ஷாப் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப சொல்லியிருந்தா, ஒக்காந்து செய்யற வேலையா, இன்ஜினுக்கு டீசல் அடிக்கிற பம்ப் ரிப்பேர் வேலை குடுத்து வச்சிருப்பேனே நைனா. அது மாதிரி காது எவனுக்கு இருக்குது?" என்றார். அங்கிருந்து நேராகச் சிமெண்டுக் கொட்டகைக்குப் போனேன். தங்கை சொல்லி மச்சானுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. என்மேல் அவர் கோபப்பட்டு அன்றுதான் பார்த்தேன்.

"இன்னாத்துக்கு சொன்னீங்க? எனக்குக் காலு வரப்போவுதா? அவ உங்களோடதானே இன்னும் பொழைக்கணும்? ரெண்டு பேரு தூக்கத்தையும் கெடுத்துட்டீங்க."

என் மனைவி பதினோராம் நாள் திரும்பி வந்தாள். சமைத்தாள், பேசினாள். நான் ஆலையிலிருந்து வந்தால் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். ஆனால் எந்த விஷயத்திலும் நான் சொல்வதை அப்படியே நம்புவதை விட்டுவிட்டாள். ஆலையில் ஓவர்டைம் என்றால்கூட, பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வாள். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

சில மாதம் கழித்து ஒர்க்‌ஷாப் முதலாளி பழுதான ஒரு டீசல் பம்பைச் சாக்கில் சுற்றி மச்சான் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். நான் போயிருந்த அன்றுதான் அவர் அதைப் பிரித்தார். சின்னச் சின்னத் திருகுகள், மயிரிழை போன்ற ஸ்பிரிங்குகள். ஏழு வருடம் சிமெண்டுத் தூசியில் உட்கார்ந்து அவர் கண்ணில் படலம் விழுந்திருந்தது. ஒவ்வொன்றையும் மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். மத்தியானம்வரை முயன்றார். பிறகு எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் அள்ளிப் போட்டுக் கட்டி, "கொண்டுபோய்க் குடுத்துடுங்க மாப்ளே" என்றார். நான்தான் பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவருக்குப் பம்ப் எதுவும் வரவில்லை.