பாதி டேங்கில் நின்ற முள்

கல்யாணமான வருஷத்திலிருந்து நான் தினமும் நோட்டு எழுதுகிறேன். நாட்குறிப்பு என்று அதைச் சொல்ல முடியாது. மனசில் பட்டது எதுவும் அதில் இருக்காது. சிலிண்டர் மாற்றிய தேதி, மழை பெய்த நாள், வெள்ளாற்றில் தண்ணீர் வந்த நாள், கரண்ட் போன நேரம், வண்டி லோடு போன நாள், டீசல் போட்ட நாள், அப்போது மீட்டரில் இருந்த கிலோமீட்டர். உரக்கடையில் வருஷாவருஷம் இலவசமாகத் தரும் டைரிகள் அலமாரியில் இரண்டு தட்டை நிறைத்துவிட்டன. “எங்க ஊட்டுல ஒரு விஏஓ ஆபீஸ் நடக்குது” என்று என் கணவர் வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

வண்டி ஒரு பழைய பிக்கப். எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டித் தேய்த்தது. சிதம்பரத்தை விட்டுப் புவனகிரிக்குப் போகும் சாலையில் எங்கள் வீடு. பரங்கிப்பேட்டைப் பக்கத்து இறால் குட்டைகளில் பெட்டி ஏற்றிக் கடலூரில் இறக்குவதுதான் அவர் தொழில். வண்டியில் டீசல் அளவு காட்டும் முள்ளுக்கு ஒரு குணம் இருந்தது. முழு டேங்கிலிருந்து பாதிவரை ஒழுங்காக இறங்கும். பாதியில் நின்றுவிடும். டீசல் தீர்ந்துகொண்டே போனாலும் முள் பாதியை விட்டு அசையாது. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் மட்டும் சட்டென்று கீழே விழுந்து உள்ள அளவைக் காட்டும்.

“ரோஷக்கார முள்ளு. ஒரு குலுக்கு குலுக்குனாதான் உண்மைய சொல்லும்” என்பார் அவர்.

கடலூர் சாலை அப்போது அகலப்படுத்தும் வேலையில் கிடந்தது. பள்ளத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆகவே முள்ளைச் சரிசெய்ய வேண்டிய அவசரமும் இல்லை. பிறகு புதுச் சாலையைத் திறந்தார்கள். அந்தத் தேதியும் நோட்டில் இருக்கிறது. முதல் தடவை அதில் போய்வந்துவிட்டு, “மடியில டம்ளர்ல டீய வச்சிகிட்டுப் போவலாம்” என்றார்.

அந்த வருஷம்தான் எனக்கு அந்தக் கடிதம் வந்தது. அரசு வேலைக்கான எழுத்துத் தேர்வை மூன்றாவது முறையில் தேறியிருந்தேன். வயது வரம்பு அந்த வருஷத்தோடு முடிகிறது. புரட்டாசி மாதம், ஒரு புதன்கிழமை, காலை பத்து மணிக்குக் கடலூரில் ஓர் அலுவலகத்தில் அசல் சான்றிதழ்களோடு நேரில் வரவேண்டும். வராதவர்கள் தகுதி இழப்பார்கள் என்று கடைசி வரியில் அச்சடித்திருந்தார்கள்.

காலை ஆறரை பஸ்ஸில் போவதாக இருந்தேன். முந்தைய நாள் மாலை சான்றிதழ்களுக்கு ஜெராக்ஸ் எடுத்துவந்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தபோது அவர் வந்து பார்த்தார்.

“பஸ்ஸுல நின்னுகிட்டுப் போயி எதுக்குக் கசங்குற? நானே கொண்டுபோயி உடறேன். புது ரோட்டுல ஒரு மணி நேரம்.”

“உங்களுக்கு லோடு இருக்குமே?”

“நாளைக்கி லோடு இல்ல.” கொஞ்ச நேரம் கழித்து, “ஆமா, வேல கெடச்சி ஸ்ரீமுஷ்ணம் பக்கம் தூக்கிப் போட்டான்னா என்னா பண்ணுவ? டெய்லி போயிட்டு வருவியா?” என்றார்.

“போட்டா பாத்துக்கலாங்க” என்றேன்.

எட்டு மணிக்குக் கிளம்பினோம். முள் பாதியில் இருந்தது. நானும் பார்த்தேன். ஆலப்பாக்கத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் வண்டி இரண்டு முறை இருமியது. அவர் கியரை மாற்றிப் பார்த்தார். வண்டி சாலையோரமாக உருண்டு போய் நின்றது. அப்போது மணி எட்டு ஐம்பது. முள் அப்போதும் பாதியில்தான் இருந்தது.

அவர் ஸ்டியரிங்கில் கையால் தட்டினார். “டீசல் இல்ல” என்றார், யாரோ சொல்லி அனுப்பியதைச் சொல்வது மாதிரி.

புதுச் சாலையில் பஸ் நிற்பதில்லை. ஊர்களுக்குள் போகிற பஸ் எல்லாம் கீழே பழைய சாலையில் போகும். வயல் வழியாக இறங்கி அங்கே போய்விடலாம் என்று தோன்றியது. குடிகாட்டுப் பக்கமிருந்து ரசாயன ஆலைகளின் நெடி காற்றில் வந்தது. கடலூருக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தோம்.

“நான் எறங்கி நடந்துடறேங்க. அங்க பஸ்ஸு கெடைக்கும்.”

“வண்டில ஒரு ஆளு இருக்கணும். சும்மா உக்காரு. பத்து நிமிஷத்துல டீசலோட வரேன்.”

யாரோ ஒருவருடைய பைக்கில் ஏறிப் போனார். நான் உட்கார்ந்திருந்தேன். இதைத்தான் என்னால் இன்றுவரை விளக்க முடியவில்லை. என் மடியில் ஃபைல், கையில் கடிகாரம். கண்ணுக்கெதிரே பழைய சாலையில் இரண்டு பஸ்கள் போயின. இறங்கவில்லை. சொன்னபடி உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பதரைக்குக் கேனோடு வந்தார். டீசலை ஊற்றியதும் வண்டி கிளம்பிவிடும் என்று நினைத்தேன். டீசல் வண்டி முழுக்கக் காய்ந்து நின்றுவிட்டால் குழாய்க்குள் காற்று புகுந்துவிடுமாம். கைப்பம்பை அழுத்தி அழுத்தி அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும். அவர் சட்டையெல்லாம் நனையப் பம்பை அழுத்தினார். சாவியைத் திருப்பினால் உறுமிவிட்டு அடங்கியது. மறுபடி பம்பு. பத்தேகாலுக்குத்தான் கிளம்பியது. அலுவலகப் படியில் நான் கால் வைத்தபோது பத்து ஐம்பது.

மேஜைக்குப் பின்னால் இருந்தவர் பட்டியலைப் பார்த்தார். “பேரு ரெண்டு வாட்டி கூப்ட்டாச்சிம்மா. ஆப்சென்ட் போட்டு லிஸ்ட்டு மேல போயிடுச்சி.”

“சார், வண்டி வழியில நின்னுபோச்சி.”

“எல்லாரும் அதத்தாம்மா சொல்றாங்க. கடலூர்லயே இருக்கறவுங்க ஏழு மணிக்கே வந்து நிக்கிறாங்க.”

என் பின்னால் நின்ற கணவர், “நெசமாவே டீசல் பூடுச்சி சார். முள்ளு ராங்கா காட்டிடுச்சி” என்றார்.

“அப்ப முள்ளு மேல கேஸு போடுங்க” என்றார் அவர். பக்கத்து மேஜையில் ஒரு பெண் சிரித்தாள்.

மனு எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பதில் வரவே இல்லை.

திரும்பும் வழியில், “உடு, அடுத்த வாட்டி பாத்துக்கலாம்” என்றார். எனக்கு அடுத்த வாட்டி கிடையாது என்று அவரிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். வெள்ளிக்கிழமை டீசல் போட்டது இருந்தது. சனியும் திங்களும் லோடு போனது இருந்தது. கூட்டிப் பார்த்தால் புதன்கிழமைக் காலையில் டேங்கின் அடியில்தான் டீசல் இருந்திருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை மாலை இந்தக் கணக்கை நானே போட்டிருக்கலாம். ஜெராக்ஸ் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் ஒரு எண்ணம் என்னைப் பிடித்துக்கொண்டது. இத்தனை வருஷம் வண்டி ஓட்டுகிறவர். இறால் லோடோடு ஒரு முறைகூட வழியில் நின்றதில்லை. நின்றிருந்தால் நோட்டில் இருக்கும். நான் போன ஒரே நாள் நின்றது. ஸ்ரீமுஷ்ணத்தைப் பற்றிக் கேட்டவர், பஸ்ஸில் போக வேண்டாம் என்றவர், இறங்கவிடாமல் உட்காரவைத்தவர். வேண்டுமென்றே செய்தாரா? நான் படித்த கதைகளில் கணவர்கள் இதைவிடப் பெரிய காரியங்களைச் சத்தமில்லாமல் செய்திருக்கிறார்கள். முள் உண்மையிலேயே ஏமாற்றியதா, அவர் ஏமாற்றினாரா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

நூலகத்தில் வண்டி பழுதுபார்க்கும் ஆங்கிலப் புத்தகம் ஒன்று இருந்தது. எடுத்துவந்து படித்தேன். கோளாறு மூன்று இடங்களில் இருக்கலாம். முன்னால் இருக்கும் முள், நடுவில் ஓடும் ஒயர், டேங்கிற்குள் டீசலில் மிதக்கும் மிதவை. ஞாயிற்றுக்கிழமை காலை அவர் குளிக்கப் போனபோது வண்டிக்கு அடியில் பாயைப் போட்டுப் படுத்தேன். சாவி போட்ட நிலையில் டேங்கின் மேலிருந்து வரும் ஒயரைக் கழற்றினேன். எழுந்து கதவு வழியாக எட்டிப் பார்த்தால் முள் அடியில் கிடந்தது. ஒயரின் நுனியை வண்டியின் இரும்புச் சட்டத்தில் படும்படி செருகிவிட்டு மறுபடி எட்டிப் பார்த்தேன். முள் முழு டேங்குக்கு ஓடியது. அப்படியானால் முள்ளும் நல்லது, ஒயரும் நல்லது. மிச்சம் மிதவை.

அவர் ஈரத் தலையோடு வந்து நின்றார். “என்னா, மெக்கானிக்கு வேலைக்கிப் போவப் போறியா?”

“மிதவைல கோளாறு. கழட்டிப் பாக்கணும்.”

தலையைத் துவட்டிக்கொண்டே போனை எடுத்தார். சாயங்காலம் அவருடைய மெக்கானிக் வந்தார். இருவரும் மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். அந்த முறையில் நான் அவருக்குத் தங்கச்சி. டேங்கை இறக்கி, மேலே இருந்த வட்டத் தகட்டின் திருகுகளைக் கழற்றி, மிதவையைக் கம்பியோடு வெளியே எடுத்தார். நான் வாங்கி, கம்பியை மேலிருந்து மெதுவாக இறக்கினேன். பாதியில் சிக்கி நின்றது. கம்பி உரசி உரசி அங்கே ஒரு பள்ளம் விழுந்திருந்தது. கையை லேசாக உதறினேன். டக்கென்று கீழே விழுந்தது. மறுபடி மெதுவாக இறக்கினேன், மறுபடி பாதியில் நின்றது. எட்டு முறை செய்தேன். எட்டு முறையும் அப்படியே.

பள்ளமான சாலை உதறிவிட்டுக்கொண்டிருந்தது. வழவழவென்ற புதுச் சாலை உதறவில்லை. அவ்வளவுதான். அவர் செய்யவில்லை. என் நெஞ்சில் இருந்த ஏதோ ஒன்று இறங்கியது என்றுதான் சொல்ல வேண்டும். அவருக்கு மோர் கலந்து கொடுக்கலாம் என்றுகூட நினைத்தேன்.

“தங்கச்சி, சீட்டுக்குப் பின்னால ஸ்பேனர் செட்டு இருக்கும், எடு” என்றார் மெக்கானிக்.

சீட்டைச் சாய்த்தேன். ஸ்பேனர்களுக்கு மேலே ஒரு சவுக்குக் குச்சி கிடந்தது. முக்கால் நீளத்துக்கு டீசல் ஊறிக் கறுத்திருந்தது. கத்தியால் அளவெடுத்து நாலு வெட்டுப் போட்டிருந்தது.

“இது என்னா?”

“அது மச்சானோட அளவுக் குச்சி” என்றார் மெக்கானிக், டேங்கை விட்டுத் தலையைத் தூக்காமல். “புது ரோடு தொறந்தப்பவே சொன்னேன், இனிமே முள்ள நம்பாதன்னு. அதுலேந்து குச்சிய உட்டுப் பாக்காம லோடு எடுக்க மாட்டாரு. எறாலு ஆச்சே, வழியில நின்னா ஐஸு கரஞ்சி நாறிப் பூடும்ல.”

நான் குச்சியோடு கணவரைப் பார்த்தேன். அவர் வாசலில் பீடியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

“புதன்கெழம உட்டுப் பாத்தீங்களா?”

“எத?”

“குச்சிய.”

கொஞ்சம் யோசித்தார். மறைக்க யோசித்த மாதிரி தெரியவில்லை. நிஜமாகவே ஞாபகப்படுத்திப் பார்த்தார். “இல்ல. அன்னைக்கித்தான் லோடு இல்லயே” என்றார்.

மெக்கானிக் கையை நிறுத்தினார். “யோவ் மச்சான்” என்று மட்டும் சொன்னார்.

“என்னாய்யா? லோடு இருந்தாத்தான குச்சி உடுவேன். தெரிஞ்சா செஞ்சேன்?”

தெரிந்து செய்யவில்லை. அதை நானே எட்டு முறை சோதித்துப் பார்த்திருந்தேன். தெரிந்து செய்திருந்தால், நான் அந்த வேலைக்குப் போய்விடுவேன் என்று ஒரு நாளாவது பயந்திருக்கிறார் என்று ஆகியிருக்கும். நான் மோர் கலக்கவில்லை. மெக்கானிக் போகும்போது, “வரேன் தங்கச்சி” என்று என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை புது மிதவை போட்டார்கள். முள் இப்போது சரியாக இறங்குகிறது. குச்சி தேவைப்படுவதில்லை, அடுப்பங்கரை ஜன்னலுக்குக் கொக்கி இல்லாததால் அதை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன்.

அன்று மாலை நோட்டில் மிதவை மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் எழுதினேன். பக்கத்தைப் பின்னால் திருப்பினால் முந்தின வாரத்துப் புதன்கிழமை காலியாகவே இருந்தது. அத்தனை வருஷத்தில் நான் எழுதாமல் விட்ட நாள் அது ஒன்றுதான். பேனாவை எடுத்து, மற்ற நாட்களுக்கு எழுதுகிற மாதிரியே எழுதினேன்: கடலூர் போனது. லோடு இல்லை.