யானைக்குப் பயப்படாத வள்ளி

பங்குனி உத்திரம், மாலை ஏழு மணி பத்து நிமிடம். மேகம் மூடிக்கிடந்தது, காற்று இல்லை. மழை வரும் என்று மூன்று பேர் சொன்னார்கள், வரவில்லை. எங்கள் தெரு முருகன் கோயில் முன்னால் போட்ட மேடையின் ஓரத்தில், யானையின் பின்னங்கால்களாக நான் நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பத்து வயது. முன்னங்கால்கள் அப்பா. அந்தத் தெருவில் இப்போது பன்னிரண்டு எக்ஸ்போர்ட் கம்பெனிப் பலகைகள் இருக்கின்றன; நடைப்பயிற்சியில் எண்ணியிருக்கிறேன்.

யானைத் தோல், கழித்துப்போட்ட பனியன் துணிக்குச் சாம்பல் நிறச் சாயம் ஏற்றித் தைத்தது. உள்ளே புழுக்கம். வெளியே எதுவும் தெரியாது.

வருடந்தோறும் அன்று வள்ளி திருமணம் நாடகம். கிழவர் வேடத்தில் வரும் முருகனை வள்ளி மறுப்பாள். அவர் தன் அண்ணனை யானையாக வரவழைப்பார். வள்ளி அலறிக்கொண்டு ஓடிப்போய்க் கிழவரையே கட்டிக்கொள்வாள். பதினாறு வருடமாகக் கிழவர், பனியன் கம்பெனி முதலாளி. வள்ளி, என் தாய்மாமா. அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவருடைய அலறலைக் கேட்கச் சோமனூரிலிருந்துகூட ஆட்கள் வருவார்கள்.

அந்த வருட ஒத்திகையில் மாமா, "தினைப்புனம் காக்கற புள்ளைங்க அவ. யானையெல்லாம் தெனமும் முடுக்கித் தொரத்தறவ. அலற மாட்டாளுங்க" என்றார்.

"அப்புறம் என்னைய எதுக்குடா கட்டிக்கறா?"

"புடிச்சிருந்தாக் கட்டிக்குவாளுங்க."

முதலாளி சிரிக்கவில்லை. "சனம் வர்றதே நீ கத்தறதக் கேக்கத்தான். கத்தலீன்னா நாளைக்குக் கம்பெனிப் பக்கம் வந்தராதே."

மாமாவின் சம்பளத்தில் ஆறு பேர் சாப்பிட்டார்கள். அம்மா தன் தம்பியிடம் நாள் முழுக்க, "ஒரே ஒருதரம் கத்திப்போட்டு வந்துருடா சாமி" என்று கெஞ்சினாள். மாமா பொட்டு வைத்துக்கொண்டே தலையாட்டினார். ஆமா என்றா, இல்லை என்றா, தெரியவில்லை.

எனக்கு என் கணக்குத்தான் கவலை. மேடையில் பதினோரு அடி. பதினோராவது அடியில் அலறல். பிறகு இடப்பக்கம் திரும்பி வெளியேற வேண்டும். அன்று நாலாவது அடியிலேயே அப்பா நின்றுவிட்டார். நான் அவர் முதுகில் முட்டினேன்.

"இன்னும் ஏழு இருக்குதுங்கப்பா."

"இருடா. உங்க மாமன் தும்பிக்கையப் புடிச்சுட்டான்."

அலறல் வரவில்லை. மாமாவின் குரல் நிதானமாக வந்தது. "ஏனுங்க யானையாரே, போன போகம் முச்சூடும் தின்னது பத்தலீங்களா? கதிர மிதிக்காம அந்தப் பக்கமா நில்லுங்க."

மாமாவுக்கு வேலை போயிற்று என்று முடிவு செய்தேன். மிச்ச ஏழு அடியையும் வைத்துவிட்டால் அலறல் வந்துவிடும் என்று நினைத்து அப்பாவைத் தள்ளினேன். அப்பா அசையவில்லை, யானையின் நடுமுதுகு மட்டும் புடைத்தது.

அப்போது பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல், "அப்படிக் கேளு கண்ணு" என்றது. அதன் பின்னால் கைதட்டல் கிளம்பியது. அது அடங்கும்வரை காத்திருந்து மாமா கிழவரிடம் சொன்னார்: "பயந்துட்டு வந்தேன்னு நாளைக்கு ஊருக்குள்ள பேசப்படாது. வேணும்னா நீங்க இங்க நடந்து வாங்க."

முதலாளி கோலை ஊன்றி நடக்கும் சத்தம் கேட்டது. ஒவ்வோர் அடிக்கும் கைதட்டல். மொத்தம் ஒன்பது அடி, சத்தத்தை வைத்து எண்ணினேன். பதினாறு வருடத்தில் கிழவருக்குக் கைதட்டல் விழுந்தது அன்றுதான்.

மறுநாள் காலை, வேலை போவதைப் பார்த்துவரச் சொல்லி அம்மா என்னை மாமாவோடு கம்பெனிக்கு அனுப்பினாள். முதலாளி இருவருக்கும் காபி வரவழைத்தார்.

"நேத்து நல்லாத்தான் இருந்துச்சு. இனி வருசாவருசம் இதேதான். சனம் இதத்தான் கேட்டு வரும். ஒரு வார்த்தை மாத்துனாலும் கோயிலுக்கு அஞ்சு ரூவா தண்டம்."

மாமா சட்டைப்பையிலிருந்து ஐந்து ரூபாய்த் தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். "அடுத்த வருசத்துதுங்க" என்று சொல்லிவிட்டுத் துணி வெட்டப் போனார்.

செய்யாத தப்புக்கு முன்பணம் கட்டும் ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. மாமா நன்றாக ஏமாந்துவிட்டார் என்று வீட்டில் வந்து சொன்னேன். அம்மா ஏன் அவ்வளவு நேரம் சிரித்தாள் என்பதும் அன்று எனக்கு விளங்கவில்லை.

அதன் பிறகு எட்டு வருடம் மாமா வள்ளியாக வந்தார். எட்டும் எட்டு விதமான வள்ளி. தண்டம், மொத்தம் நாற்பது ரூபாய்.