மாமரத்தை மிரட்டிய ஞாயிறு

என் வீட்டுக்காரருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் வாயில் இரண்டே இரண்டு பதில்கள்தான். ஒன்று, ஓம். மற்றது, உம்மட விருப்பம். என் அக்காமாருக்கு அதில் பொறாமை, எனக்குத் தங்கமான மனிதர் வாய்த்துவிட்டார் என்று. அவர்களுக்கு என்ன தெரியும்? ஓம் போடுகிற மனிதரோடு சண்டை பிடிக்க முடியாது. எனக்கோ நாளுக்கு ஒரு சண்டையாவது பிடிக்காவிட்டால் சாப்பாடு செமிக்காது.

ஊரை விட்டு வந்து குடியேறிய இந்தத் தென்கோடி நாட்டில், ரானுயி என்கிற புறநகரில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் அவர் ஒரு கிரீன்ஹவுஸ் கட்டினார். நாங்கள் கண்ணாடி வீடு என்போம். உண்மையில் பாதிதான் கண்ணாடி. யாரோ வீட்டைத் திருத்தும்போது கழற்றி எறிந்த பெரிய கண்ணாடித் தள்ளுகதவுகளைச் சேர்த்துச் சுவராக்கி, மேலே ஒளி புகுகிற பிளாஸ்டிக் தகடு போட்டார். உள்ளே, இந்த நாட்டில் வெயில் விழுகிற வடக்குப் பக்கமாகப் பீப்பாய்களில் தண்ணீர் நிரப்பி, கறுப்புப் பூச்சு அடித்து நிறுத்தினார். பகலில் அந்தத் தண்ணீர் வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு இரவில் மெல்ல மெல்லச் சூட்டை விடும். இங்கே ஜூலைதான் நடுக் குளிர்காலம், அந்தக் குளிருக்கு அதுவும் போதாது. கரண்டில் சூடாகிற எண்ணெய் ஹீற்றர் ஒன்றும் ஓடும். மின்சார பில் வருகிற அன்று நான் போடுகிற சத்தத்துக்கு அவர், "ஓம், கூடத்தான்," என்பார். அதோடு சரி.

அதற்குள் பப்பாசி நன்றாக வந்தது. கொய்யா வந்தது. மாதா கோயிலில் எங்கள் சனம் பூசை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் நின்று, "பப்பாசி பழுத்திட்டுதோ?" என்று என்னைத்தான் கேட்கும். நடுவில் நின்றது மாமரம். நாற்றுப்பண்ணையில் வாங்கிய ஒட்டுக்கன்று. நட்டு ஒன்றிரண்டு வருடத்தில் காய்க்கும் என்று சொல்லித்தான் தந்தார்கள். அது கூரையை முட்ட வளர்ந்ததே தவிர, ஒரு பூ காட்டவில்லை.

இவர் வேலைக்குப் போகுமுன் விடியவே தேத்தண்ணிக் கோப்பையோடு அங்கே போய்விடுவார். குளிர்கால ஞாயிறுகளில் ஸ்வெட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, பெனியனோடு ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்து ரேடியோ கேட்பார். வெளியே மழை ஊற்றும். உள்ளே இவர் விசிறிக்கொண்டு இருப்பார். எனக்குச் சிரிப்பாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும்.

எங்கள் மகள் நகரத்தின் மறுகோடியில், பாபகூராவில் இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் தாதி, இரண்டு சின்னப் பிள்ளைகள். அவளுடைய வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிப் புதிதாக வரிசை வீடுகள் எழும்பியபோது, "மம், இட்ஸ் பெர்ஃபெக்ட் ஃபோர் யூ," என்று கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினாள். சூடு நிற்கிற சுவர், படியில்லாத குளியலறை, நடந்து போகிற தூரத்தில் ரயில். பின்பக்கம் மட்டும் முழுக்கச் சீமெந்து. துணி காயப்போடுகிற ஸ்டாண்டை விரித்தால் ஆள் நிற்க இடமில்லை. ஆனால் எனக்கு வீடு பிடித்துக்கொண்டது. சின்னவன் என்னைக் கண்டால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடிவருவான். அந்த ஓட்டத்தைக் கிழமைக்கு ஒருமுறை ரயில் மாறிப் போய்ப் பார்ப்பது எனக்குப் போதவில்லை. நாளாந்தம் வேண்டும் என்று மனம் கிடந்து அடித்தது.

அன்றிரவே சாப்பாட்டு மேசையில் கேட்டேன். "இந்த வீட்டை வித்துப்போட்டு அங்க போவம், என்ன?"

அவர் சோற்றைக் குழைத்துக்கொண்டே, "ஓம்," என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "இந்த மாமரம் ஒருக்காக் காய்க்கட்டும். ஒரு பழம் திண்டிட்டுப் போவம்," என்றார்.

நியாயமான பேச்சு. இவ்வளவு பாடுபட்ட மனிதர், ஒரு பழம் கேட்கிறார். மகளும் சம்மதித்தாள். ஆக, அந்த மரம் எப்போது காய்க்கிறதோ அப்போது வீட்டு வாசலில் விற்பனைப் பலகை நட்டுவிடலாம்.

அன்றிலிருந்து அந்த மரத்துக்கு என்னைப்போல ஒரு வேலைக்காரி உலகத்தில் இருந்திருக்க மாட்டாள். மீன் கழுவிய தண்ணீர் ஊற்றினேன். முட்டைக் கோதைப் பொடித்துத் தூவினேன். என் நல்ல கம்பளியை அடிமரத்தில் சுற்றிக் கட்டினேன். முதல் வசந்தம் வந்தது. ஒரு காலை, கிளை நுனியில் சிவப்பாகச் சின்ன முனை மாதிரி ஒன்று கண்டேன். ஐயோ கடவுளே, பூ! மறுநாள் போய்ப் பார்த்தால் வெறும் நுனி. வேறொரு கிளையிலும் அப்படித்தான், இன்று இருக்கும், நாளை இல்லை. எனக்குக் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். கண் டாக்டரிடம் போய்ப் புதுக் கண்ணாடியும் மாற்றிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகும் ஒன்றும் தெரியவில்லை. அந்த வருடமும் போயிற்று, அடுத்த வருடமும் போயிற்று. பாபகூராவில் அந்த வரிசை வீடுகளில் ஒவ்வொன்றாக ஆட்கள் குடிவந்தார்கள். "மம், தேர் ஆர் ஒன்லி டூ லெஃப்ட்," என்று மகள் சொன்ன அன்று எனக்கு இரத்தம் கொதித்தது.

பக்கத்து வீட்டில் ஒரு தமிழ்நாட்டுப் பெண். கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே செய்வாள். என் புலம்பலை வேலிக்கு மேலால் அடிக்கடி கேட்கிறவள் அவள்தான். அன்று கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"அக்கா, எங்க ஊர்ப்பக்கம் காய்க்காத மரத்தை மிரட்டுவாங்க. ஒருத்தர் கோடாலிய தூக்கிட்டு வெட்டிடறேன்னு போகணும். இன்னொருத்தர் வேணாம், விட்டுடுங்க, அடுத்த வருஷம் காய்ச்சிடும்னு கெஞ்சணும். மூணு தடவை. மரம் பயந்து காய்ச்சிடும்."

அட, எங்கள் பக்கமும் இது இருந்ததுதான். எனக்கு ஏன் முதலே தோன்றவில்லை!

"வெள்ளிக்கிழமையா பாத்து பண்ணலாம், இல்ல அமாவாசை," என்றாள் அவள்.

"எங்களுக்கு உது ஒண்டும் இல்லைப் பிள்ளை. ஞாயிறு பூசை முடிஞ்சு வந்து செய்வம்."

இதைப் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா என்று பூசை முழுக்க யோசித்தேன். மரத்தை ஏசக்கூடாது என்று எந்தக் கட்டளையிலும் இல்லை. விட்டுவிட்டேன்.

ஞாயிறு மத்தியானம் கோயிலுக்குப் போட்ட உடுப்போடேயே இரண்டு பேரும் கண்ணாடி வீட்டுக்குள் போனோம். பக்கத்து வீட்டுக்காரி மேற்பார்வைக்கு வந்து நின்றாள். ஆம்பிளை மிரட்டட்டும், பொம்பிளை கெஞ்சட்டும் என்று முடிவாயிற்று. இவர் விறகு பிளக்கிற சின்னக் கோடாலியைக் கையில் எடுத்தார். மரத்துக்கு முன்னால் போய் நின்றார். தொண்டையைச் செருமினார்.

"அப்ப... வெட்டவோ?" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அண்ணா, மரத்துகிட்ட பர்மிஷன் கேக்கறீங்களே!"

"இஞ்ச கொண்டாங்கோ உதை!" என்று கோடாலியை நான் பறித்தேன். "நான் மிரட்டுறன். நீங்கள் கெஞ்சுங்கோ. கெஞ்சவாவது வருமோ பாப்பம்."

நடிப்பாகத்தான் தொடங்கினேன். சத்தியமாக நடிப்புத்தான். ஆனால் வாயைத் திறந்த பிறகு எனக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது.

"ஏய் மரமே! உன்னை இண்டைக்கு விடமாட்டன். மீன் தண்ணி ஊத்தினன், என்ர கம்பளியைக் கட்டிவிட்டன். நீ இலையைக் காட்டிக் காட்டி என்னைப் பேய்க்காட்டுறாய், என்ன? உன்னாலதான் நான் என்ர பேரப்பிள்ளையளைப் பாக்காமல் இஞ்ச கிடந்து காயுறன்! வெட்டிப்போடுவன்!"

"வெட்டாதையும். வாற வருசம் காய்க்கும்," என்றார் இவர், பூசையில் பதில் சொல்கிற அதே குரலில்.

"வெட்டுறன்!"

"வெட்டாதையும். வாற வருசம் காய்க்கும்."

மூன்றாம் தடவைக்கு மரத்தில் சின்னதாக ஒரு கொத்து விழவேண்டும், அதுதான் முறை. கோடாலியை ஓங்கினேன். எனக்குக் கை பழக்கமில்லை. நினைத்ததைவிட ஆழமாக விழுந்துவிட்டது. பட்டை பிளந்து பால் கசிந்தது. நான் மறுபடி ஓங்கினேன். அப்போதுதான் இவர் பாய்ந்து வந்து கோடாலிப் பிடியை இறுக்கிப் பிடித்தார்.

"நிப்பாட்டும்! அதில ஒரு பிழையும் இல்லை! அது பூத்தது!"

எனக்கு விளங்கவில்லை. "என்ன?"

"பூத்தது. போன வருசமும் பூத்தது, அதுக்கு முந்தின வருசமும் பூத்தது. இப்பவும் பூக்குது. நான்தான் ஒவ்வொரு நாளும் விடியக் கிள்ளிப்போடுறனான். கிள்ளக் கிள்ளப் பூக்குது. இனியும் அதை ஏசாதையும், பாவம்."

பக்கத்து வீட்டுக்காரி, "அக்கா, நான் அடுப்புல பால் வெச்சிட்டு வந்தேன்," என்று சொல்லிவிட்டு மெல்ல நழுவினாள்.

"கிள்ளி எங்க போட்டனீங்கள்?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் எனக்கு அதுதான் வாயில் வந்தது.

"கொம்போஸ்ட் பெட்டிக்குள்ள."

"அப்ப என்ர கண்ணாடி? நான் என்ர கண்ணுக்கு வருத்தம் எண்டெல்லோ டொக்டரிட்டப் போனனான்!"

"தெரியும்," என்றார். "அண்டைக்கு எனக்கு நித்திரை வரேல்லை."

எனக்குக் கோடாலியை எறிய வேண்டும் போலவும் இருந்தது, இருந்து அழ வேண்டும் போலவும் இருந்தது. "போக விருப்பமில்லை எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் என்ன? ஏன் சொல்லேல்லை?"

"நீர் கேக்கேல்லை."

"கேட்டனான்! மேசையில வைச்சுக் கேட்டனான், போவமோ எண்டு!"

"'போவம், என்ன?' எண்டு கேட்டனீர். அது கேள்வியோ?"

அது கேள்விதான். என் கேள்விகள் அப்படித்தான் இருக்கும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெனியன் நனைந்து, நெற்றியில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. கோயில் சட்டையை எப்போது கழற்றினார் என்றே நான் கவனிக்கவில்லை.

"இந்த நாட்டில எனக்கு வேர்க்கிற ஒரே இடம் இதுதான்," என்றார் அவர். "அங்க போனால் மகளின்ர சோபாவில இருந்து, நீங்கள் கதைக்கிறதைக் கேட்டுக்கொண்டு இருப்பன். ஓம் ஓம் எண்டு. இஞ்ச வந்தால் நான் ஒருத்தருக்கும் ஓம் சொல்லத் தேவையில்லை."

முப்பது வருடத்துக்கு மேல் ஒரு மனிதரோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். அவர் இவ்வளவு நீளமாகத் தன்னைப் பற்றிச் சொல்லி அன்றுதான் கேட்டேன். எனக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. சிரிப்பு வந்தது. இந்த ஊமைக் கோட்டான், வாயைத் திறந்து ஒரு சொல் சொல்வதை விட்டுவிட்டு, விடியக் குளிரில் எழும்பி ஏணி வைத்து ஏறிப் பூக் கிள்ளியிருக்கிறார், இரண்டு வருடமாக! நான் சிரிக்கத் தொடங்க, அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் அந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தோம். மற்றப் பக்கத்து வீட்டில் புல் வெட்டிக்கொண்டிருந்தவர் மெஷினை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்.

சிரித்து ஓய்ந்த பிறகு, சின்னவன் கையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவது எனக்கு ஞாபகம் வந்தது. நெஞ்சுக்குள் கொஞ்சம் வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் ரயில் இருக்கிறது, எனக்குக் காலும் இருக்கிறது. அந்த மனிதருக்கு இது ஒன்றுதான் இருக்கிறது.

"அப்ப இதை இப்ப வாயால சொல்லுங்கோ," என்றேன். "எனக்கில்லை, பிள்ளைக்கு. அவள் அந்த வீட்டைப் பாத்து வைச்சுக்கொண்டு இருக்கிறாள்."

மகள் எங்களுக்குப் போன் எடுக்கும்போதெல்லாம், "இந்தாங்கோ, அம்மாட்டைக் குடுக்கிறன்," என்று கைமாற்றி விடுகிறவர் அவர். நானே இலக்கத்தை அழுத்தி அவர் கையில் வைத்தேன். திருப்பித் தரப் பார்த்தார். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். மகளின் குரல் கேட்டது. அவர் போனைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார்.

"பிள்ளை, அந்த வீடு எங்களுக்கு வேண்டாம். எனக்கு அங்க வர விருப்பமில்லை. நீ பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு இஞ்ச வா."

மறுபக்கம் அவள் கேட்டது எனக்கும் கேட்டது.

"அப்பா? இஸ் தட் யூ?"

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"ஓம் பிள்ளை," என்றார். "நான்தான் கதைக்கிறன்."