குலந்தாம் திறக்காத கதவு

இஸ்ஃபஹானிலிருந்து நத்தன்ஸ் போகும் பாதையில் இருக்கும் எங்கள் சத்திரத்தின் வாசல் கதவைத் தாழிடும் குறுக்குமரத்தை ஒற்றை ஆளாகத் தூக்கியவள் குலந்தாம் ஒருத்திதான். அவள் புருஷன், புனித யாத்திரை போய் வந்து கெர்பலாயி என்று பட்டம் வாங்கிய நவ்ரூஸ்கூட, மூச்சுப் பிடித்து இரண்டு தடவையில்தான் தூக்குவான். இதை மறுக்கிறவர்கள் அந்த மரத்தைத் தொட்டே பார்க்காதவர்கள்.

காவல் வேலை நவ்ரூஸுடையது. வசந்தத்தில் ஒரு கோவேறு கழுதை உதைத்து அவன் கால் முறிந்ததும், சத்திரத்தை நிர்வகிக்கும் முத்தவல்லி குதிரையில் வந்து இறங்கினார்.

"வாசல்ல பொம்பள நிக்கிறது நல்லா இல்ல, நவ்ரூஸ்" என்றார்.

படுத்திருந்தவனை முந்திக்கொண்டு குலந்தாம் பதில் சொன்னாள். "கதவுக்கு ஆம்பளக் கை பொம்பளக் கை தெரியாதுங்க. தூக்கினா திறக்கும்."

முத்தவல்லி தாடியை நீவினார். "சரி, கால் சேர்ற வரைக்கும் நில்லு. ஆனா ஒரு விருந்தாளி, ஒரே ஒருத்தர், பொருள் தொலைஞ்சுதுன்னு சொல்லிட்டா, அன்னைக்கே ரெண்டு பேரும் மூட்டையக் கட்டணும்."

வாசலோரத்து இரண்டு அறைகள்தான் அவர்கள் வீடு. வேறு கூரை கிடையாது. அதனால் குலந்தாம் விடியற்காலையில் முற்றத்து நடுவில் நின்று போடும் குரலில் மலையாடுகள் எழுந்துகொள்ளும். "எல்லாரும் அவங்கவங்க பொருளப் பாருங்க. இருக்கா?" ஒவ்வொரு அறையிலிருந்தும் பதில் வர வேண்டும்: "இருக்கு, கதவத் திற." ஒரு குரல் குறைந்தாலும் மரத்தைத் தூக்க மாட்டாள். இந்தச் சத்திரத்தைக் கட்டிய ராஜா ஷா அப்பாஸ் காலத்திலிருந்து வழக்கம் அதுதான். மூன்று மாதத்தில் ஓர் ஊசிகூடத் தொலையவில்லை.

கோடையில் ஒரு நாள் பரங்கி ஒருவர் வந்தார். உயரமானவர், வெயிலில் மூக்கு உரிந்திருந்தது. கூட வந்த பணியாள், இஸ்ஃபஹானை ஒட்டிய ஜுல்ஃபாவைச் சேர்ந்த ஆர்மீனியன், பரங்கி பாஷை படிக்கத் தெரிந்தவன், பெயர் ஹைராபெத். வாசலுக்கு மேலிருந்த மாடி அறையை அவர்களுக்குக் கொடுத்தாள்.

"அக்கா, சாஹேப் கட்டில் எங்கன்னு கேக்கிறாரு" என்று ஹைராபெத் இறங்கி வந்தான்.

"கட்டிலா? அவர் கொண்டு வரலயா?"

"நாற்காலி?"

"சத்திரத்துக்கு வர்றவன் தன் கம்பளத்தத் தானே கொண்டு வரணும். கூரையும் கிணறும் ஷா குடுத்தாரு. வைக்கோலும் விறகும் நான் குடுக்கிறேன். மிச்சத்த அவங்கம்மா குடுத்து அனுப்பியிருக்கணும்."

அடுத்து காற்று. மாடி அறையின் நாலு பக்கமும் நாலு ஓட்டை. பரங்கி அந்தி மங்கிய பிறகும் தோல் அட்டை போட்ட புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டே இருந்தார், விளக்கு மூன்று தடவை அணைந்தது. ஓட்டையை எதைக் கொண்டு அடைப்பது என்று ஹைராபெத் மேலிருந்து கத்தினான். அடுப்பில் ஆட்டுக்கறிச் சாறு பொங்கிக்கொண்டிருந்தது. "கையில கிடைக்கிறத வச்சு அடைப்பா" என்றாள் திரும்பிப் பார்க்காமல்.

விடிந்தது. இரவு தங்கியிருந்த கழுதைக்காரர் தலைவன் அல்லாயாரின் முப்பத்தெட்டுக் கழுதைகளும் பாரம் ஏற்றி மணி குலுக்கி நின்றன. நாற்பது என்று சொல்பவர்கள் அன்று அங்கே இல்லை. குலந்தாம் குரல் கொடுத்தாள். "இருக்கு, கதவத் திற" என்று வரிசையாக வந்தது. கடைசியில் மாடியிலிருந்து ஹைராபெத் தலை நீட்டினான்.

"அக்கா... சாஹேபோட புத்தகத்தக் காணோம்."

அறைக்குள்ளிருந்து நவ்ரூஸ் முனகியது கேட்டது. குலந்தாம் கதவோரம் போய் குறுக்குமரத்தில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

"யாரும் போகக் கூடாது."

அல்லாயார் வந்தான். "அக்கா, என் ஆளுங்கள்ல ஒருத்தனுக்கும் எழுத்து தெரியாது. எடுத்து என்ன பண்ணப் போறான்?"

"அடுப்பெரிப்பான்."

"வெயில் ஏறுது. உப்புவெளியில கழுதை வெந்து போகும்."

"வேகட்டும். அதுங்களுக்கு வீடு இருக்கு."

"பரவாயில்ல, இவங்க போகட்டும்னு சாஹேப் சொல்றாரு" என்றான் ஹைராபெத்.

"பரவாயில்லன்னு சொல்லிட்டு இஸ்ஃபஹான்ல போய் தொலைஞ்சுதும்பாரு. இருக்குன்னு சொல்லட்டும், திறக்கிறேன்."

சேணப்பைகளைக் கொட்டினார்கள். ரொட்டித் துணிகளை உதறினார்கள். அவள் ஒவ்வோர் அடுப்பாகக் குனிந்து சாம்பலைக் கிளறினாள். காகிதக் கரி இல்லை. நிமிர்ந்து இடுப்பைப் பிடித்தபோது மாடி விளிம்பில் இரண்டு புறாக்கள் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டாள். அவை வடக்கு ஓட்டையில் குடியிருப்பவை. இந்த நேரத்தில் ஒருநாளும் வெளியே உட்காராதவை. யார் துரத்தினது?

படிகளை இரண்டிரண்டாக ஏறினாள். ஒரு ஓட்டையில் வைக்கோல், ஒன்றில் கம்பளித் துணி, ஒன்றில் கோட்டு. வடக்கு ஓட்டையில் தோல் அட்டை கச்சிதமாகச் செருகியிருந்தது.

ஹைராபெத் தலையைச் சொறிந்தான். "இருட்டுல செங்கல்லுன்னு நினைச்சேன். நீதான அக்கா, கையில கிடைக்கிறத வைக்கச் சொன்ன."

"சொன்னேன். என் வாயத்தான் முதல்ல அடைச்சிருக்கணும்."

கீழே எல்லோரும் சிரித்தார்கள். பரங்கியும் சிரித்தார். முற்றத்துக்கு வந்து, கோணல் உச்சரிப்பில், "இருக்கு, கதவத் திற" என்றார். அல்லாயார் முதல் கழுதையின் கயிற்றைப் பிடித்தான். குலந்தாம் இறங்கி வந்து மறுபடி குறுக்குமரத்தில் முதுகைச் சாய்த்தாள்.

"நம்மளப் பத்தி என்ன எழுதியிருக்காரு? படி."

"வேணாம் அக்கா."

"படி."

ஹைராபெத் பக்கத்தைப் புரட்டினான். "வெறும் அறை. கட்டில் இல்ல. தெள்ளுப்பூச்சி மட்டும் தாராளம். வாசல்ல ஒரு பருத்த பொம்பள, ஒட்டகக்காரன் குரலோட..."

அல்லாயார் கழுதை முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். குலந்தாம் விரல் மடக்கி எண்ணினாள்.

"பூச்சி உண்மை. குரலும் உண்மை. பருமனப் பத்தி என் புருஷன்கிட்டக் கேட்டுக்கட்டும். ஆனா ஒண்ணு விட்டுப்போச்சு. இங்க வச்ச பொருள் இங்கயே இருந்துச்சு. அதையும் எழுதச் சொல்லு."

கழுதையின் பாரத்தில் புத்தகத்தை வைத்துப் பரங்கி எழுதினார். ஹைராபெத்தைச் சிலுவை மேல் சத்தியம் பண்ணச் சொல்லி, மூன்று தடவை படிக்கவைத்துக் கேட்டாள். மூன்று தடவையும் ஒரே மாதிரி வந்த பிறகுதான் மரத்தைத் தூக்கினாள்.

செய்தி முத்தவல்லிக்கு எட்டாமல் இருக்குமா? நாலாம் நாள் வந்து நின்றார்.

"ஏதோ தொலைஞ்சுதாமே?"

"தொலையலன்னு பரங்கி நாட்டுப் புத்தகத்துலயே எழுதியிருக்கு. சந்தேகம்னா போய்ப் படிச்சுட்டு வாங்க."

அவர் மோர் குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

இலையுதிர் காலத்தில் நவ்ரூஸின் கால் சேர்ந்தது. முதல் நாள் விடியலில் அவன்தான் முற்றத்தில் நின்று குரல் கொடுத்தான். ஓர் அறையிலிருந்தும் பதில் இல்லை. மறுபடி கொடுத்தான். கம்பளிக்குள்ளிருந்து அல்லாயார் மட்டும் சொன்னான்:

"கெர்பலாயி, தூங்க விடு. விடிஞ்சிருந்தா அக்கா கத்தியிருக்கும்."

அன்றிலிருந்து நவ்ரூஸ் வைக்கோலும் பார்லியும் பார்த்துக்கொண்டான். வாசல் அவளுடையதாகவே இருந்தது. வடக்கு ஓட்டை புறாக்களுடையது.